சவரிமுத்துவின் சிலுவை

வயதுக்கு வந்த மகன் உயிரோடு இருந்தால் முதியோர் பென்ஷன் கிடையாது. இது சர்க்கார் விதி. வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய் விசாரித்து எழுதுவது என் வேலை.

இன்று வல்லத்துப் பக்கம், மாதா கோவிலுக்குப் பின்னால் தனியாகக் குடிசையில் இருக்கும் அருளாயியம்மாளிடம் போனேன்.

"பையன்?" என்றேன்.

போன வருஷம் போலவே கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் ஒரு மரச்சிலுவையைக் காட்டினார். அதில் சவரிமுத்து என்ற பெயர். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது, இன்னும் காயவில்லை.

"எம்புள்ள இங்கதான் சார் தூங்குறான்" என்று அழுதார். அந்த அழுகையில் நடிப்பே இல்லை. 'மகன் இறந்துவிட்டார்' என்று எழுதிக்கொண்டேன்.

செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஓர் ஆள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். விரலெல்லாம் சுண்ணாம்பு. முகம் அப்படியே அருளாயியம்மாள்.

என் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "எங்கம்மாவுக்குப் பணம் நின்னுடாதில்ல சார்? எனக்கு மல்லாட்ட எண்ண ஆட்டுற மில்லுல கூலி. நாலு புள்ளைங்க. அதான் வருஷா வருஷம் நானே வந்து வெள்ள அடிச்சிட்டுப் போறேன்."

"அம்மாகிட்ட பேசுனீங்களா?"

"எங்க சார்? யாராச்சும் பாத்துட்டா? புளியமரத்துக்குப் பின்னால நின்னேன். எனக்காக அழுவுறாங்க."

எழுதியதை நான் அடிக்கவில்லை. செத்தவர் தோளில் இடித்துக்கொண்டே செஞ்சி வந்து சேர்ந்தேன்.

சட்டைக் கையில் ஒட்டிய சுண்ணாம்பு மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை. எதைப் போட்டால் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.