அவருக்காக நான் இழுத்த மூச்சு

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், நடந்ததும் முன்னே பின்னே மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் சித்தூரில் கிரானைட் கல் அறுக்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். கல் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. பாகாலா வழியாக ரயிலில் திருப்பதிக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். "நுரையீரல் கெட்டிப்பட்டுப்போச்சு, இது திரும்பாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் வருவதே அவருக்குப் பெரும்பாடு.

எங்கள் தெருக்கோடி சமுதாயக் கூடத்தில் ஒரு தெலுங்கு அம்மா காலையில் யோகா சொல்லிக்கொடுத்தார். நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். பட்டறை ஆட்களுக்காகவே, காசு வாங்காமல். மூச்சுப் பயிற்சி செய்தால் இளைப்பு கொஞ்சம் தணியும் என்று பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரால் வர முடியாது. அதனால் நான் போனேன்.

இதில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது என் நைனாதான் எனக்காகத் திருமலைக்குப் படியேறி நடந்தார். எனக்குக் குணமாயிற்று. ஒருவருக்காக இன்னொருவர் செய்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்து, அவரை மனதில் நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டேன். கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவர் கேலி செய்வார்.

"நான் இங்க மூச்சு வாங்கிக்கினு கெடக்கறேன், நீ அங்க போயி மூச்சு வுட்டுட்டு வர்ற. நல்லா கீது நம்ம குடும்பம்."

சிரித்தால் கூடவே இருமலும் வந்துவிடும்.

ஒருநாள் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப மூச்சு பரவால்லியா அக்கா?"

"இன்னும் கொறையல மேடம். நேத்து பூரா படுக்க முடியாம உக்காந்துக்கினே இருந்தாரு."

"யாரு?"

சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ அக்கா, நீங்க இழுத்தா அவருக்கு எப்படிப் போவும்?" என்றார்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்தார். தலையணை அடுக்கி அவரை உட்காரவைத்து, "மெல்லகா, மெல்லகா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பாதி மூச்சிலேயே என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்தது.

"வுட்டுடுங்கம்மா. கல்லுக்குப் போயி யோகா கத்துத் தர்றீங்களே" என்றார்.

வெளியே செருப்பு மாட்டும்போது, "நான் முன்னாடியே வந்திருந்தாலும் பெரிசா ஒண்ணும் ஆயிருக்காது அக்கா" என்று அந்த அம்மா சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜம்தானா, நான் கேட்கவில்லை. அதற்கப்புறமும் தினம் வந்து அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மழைக்காலம் வருவதற்குள் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த அம்மாவும் இப்போது மகள் வீட்டோடு போய்விட்டார். நாங்கள் சில பெண்கள் மட்டும் கூடத்தைத் திறந்து உட்காருகிறோம். ஆண்கள் யாரும் வருவதில்லை, பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். என் பக்கத்தில் உட்காருகிறவளின் புருஷனுக்கும் இருமல் தொடங்கிவிட்டது.

"கூப்ட்டா வரமாட்டேங்கறாரு அக்கா. நான் செஞ்சா ஆவாதா?" என்று கேட்டாள்.

ஆகாது என்றேன். கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவனுக்காகச் செய்துகொண்டுதான் இருக்கிறாள்.

வீட்டில் அவனைச் செய்யவைக்க, முறையை எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். வலது மூக்கை அடைத்து இடதில் இழுத்து, பிறகு வலதில் விட வேண்டும். அப்படித்தான் என்று நினைக்கிறேன். தூசியிலேயே நிற்கிற ஆளுக்கு இதனால் என்ன ஆகிவிடப் போகிறது, தெரியவில்லை. ஆனாலும் தெரிந்தவர்கள் யாராவது இதை ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்.