முழங்காலைத் தாண்டாத செடி

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் முப்பத்தொரு வருஷம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, நாளைக்கு ஐந்நூறு தடவை "அடுத்து!" என்று குரல் கொடுத்ததில், குடியிருப்பு முழுவதற்கும் அவர் 'அடுத்தம்மா' ஆகிவிட்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே தோட்டம் அவர் தலையில் விழுந்தது. வெளிக் கதவிலிருந்து மாடிப்படி வரை, சுவரை ஒட்டி இருபது அடிக்கு ஒரு மண்பாத்தி. யாரோ கொடுத்தார்கள் என்று அவர் கணவர் அதில் நட்ட குச்சி ஒரே வருஷத்தில் ஆள் உயரம் தாண்டி, கீழ்த்தளத்துப் பல் டாக்டரின் ஜன்னலை அடைத்துக்கொண்டது. குடியிருப்போர் கூட்டத்தில் டாக்டர் எழுந்தார்.

"பட்டப்பகல்ல இருட்டா இருக்கு. ஒருநாள் வலிக்கிற பல்ல விட்டுட்டுப் பக்கத்துப் பல்லப் பிடுங்கிடப் போறேன்!"

எல்லோரும் கன்னத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அடுத்தம்மா மட்டும் சிரித்துவிட்டார். சிரித்தவர் தலையிலேயே பொறுப்பைக் கட்டினார்கள். குச்சியை வெட்டிவிட்டு வேறு செடி வைக்க வேண்டும். அது முழங்காலைத் தாண்டக் கூடாது. வருஷா வருஷம் புதிதாக நடுகிற தொல்லையும் இருக்கக் கூடாது.

நாற்றுப் பண்ணைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அங்க வெயில் எவ்வளவு நேரம்மா விழும்?"

"உலகத்துக்கே விழுற வெயில் எங்க வீட்டுக்கு மட்டும் விழாமப் போயிடுமா? குடுங்க."

அவர் விஷ்ணுகிராந்தி நாற்றுகளைக் கொடுத்தார். தரையோடு தரையாகப் படர்ந்து, பொத்தான் அளவுக்கு நீலப் பூ பூக்கிற செடி. பாத்தி முழுக்க நட்டாயிற்று. ஆறு வாரத்தில் கதவுப் பக்கம் நீலமாகச் சிரித்தது. மாடிப்படிப் பக்கம் பூவும் இல்லை, இலையும் இல்லை. ஒவ்வொரு செடியும் வெயிலைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு, பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் நின்றது.

"நீ பேசினா மனுஷங்களே பயப்படுறாங்க. செடி என்ன செய்யும்?" என்றார் கணவர்.

"குச்சி நட்டவங்க எல்லாம் பேசக் கூடாது."

மறுபடி போய் நின்றபோது பண்ணைக்காரர் கோபப்படவில்லை. "ஒரு நாள் பூரா உக்காந்து, மணிக்கு மணி எங்க வெயில், எங்க நிழல்னு எழுதிட்டு வாங்கம்மா. கண்ணால பாக்காம செடி வாங்கக் கூடாது" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அடுத்தம்மா பாத்தி ஓரம் நாற்காலி போட்டு, நோட்டும் சாக்பீஸுமாக உட்கார்ந்தார். மணி அடித்ததும் எழுந்து, நிழல் விழும் இடத்தில் கோடு போட்டு, நேரத்தை எழுதிக்கொண்டார். பத்து மணிக்கு ஒரு கன்னம் வீங்கியவர் வந்து நின்றார்.

"டோக்கன் நீங்கதான் குடுக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"வரிசையா நில்லுங்க! இந்தப் பாத்தியோரமா. யாரு முதல்ல வந்தது?"

நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து எண் எழுதிக் கொடுத்தார். ஒருவர் வெளியே வந்ததும் "அடுத்து!" என்றார். பன்னிரண்டு மணிக்குள் பதினேழு பேர். வெளியே வந்து எட்டிப் பார்த்த டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தம்மா இடையிடையே மறக்காமல் நிழலையும் குறித்துக்கொண்டார்.

பண்ணைக்காரர் நோட்டைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"கதவோரம் வெயில், சரி. படியோரம் நிழல், அதுவும் சரி. நடுவுல மட்டும் எப்படிம்மா பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் நிழல்? அங்க மரம் இருக்கா?"

"இல்லீங்க."

"கட்டடமா?"

அடுத்தம்மா கொஞ்சம் யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பல்வலிக்காரங்க" என்றார்.

பண்ணைக்காரர் சிரித்த சிரிப்பில் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

டாக்டருக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை மறுபடி கணக்கெடுப்பு நடந்தது. இந்தத் தடவை துல்லியம். பாத்தியில் முக்கால் பங்குக்கு மதியம் வரை நல்ல வெயில். விஷ்ணுகிராந்தி அங்கேயே இருக்கட்டும். படியோரத்தில் காலை ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்கிற வெயிலோடு சரி, அங்கே வல்லாரை. ஈரமும் பாதி நிழலும் கிடைத்தால் போதும், தண்டு ஓடிய இடமெல்லாம் வேர் விட்டுத் தானே பரவும் என்றார் பண்ணைக்காரர். சொன்னபடியே பரவியது. மூன்று மாதத்தில் மண்ணே தெரியவில்லை. எந்தச் செடியும் கணுக்காலைக்கூடத் தாண்டவில்லை.

டாக்டர் சந்தோஷமாக ஜன்னலை விரியத் திறந்து வைத்தார். அன்றைக்கு வரிசையில் ஒன்பது பேர். உள்ளே இயந்திரம் 'ர்ர்ர்' என்று பல்லைக் குடையும் சத்தமும், நோயாளி "ஆ... ஆ..." என்று போட்ட சத்தமும் தெளிவாக வெளியே கேட்டன. பத்தே நிமிஷத்தில் ஆறு பேருக்கு வலி பறந்துவிட்டது. ஆளையும் காணோம்.

சாயங்காலம் டாக்டர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அம்மா, இந்த ஜன்னலுக்கு நேரா மட்டும்... கொஞ்சம் உயரமா எதாவது..."

அடுத்தம்மா எழுந்தே விட்டார். "டாக்டர், இந்தச் செடிக்காக ரெண்டு நாள் வெயில்ல உக்காந்து மூக்கு உரிஞ்சு போச்சு. இனி ஒரு விரல் உயரம் கூட்ட மாட்டேன். ஜன்னலச் சாத்துங்க!"

டாக்டர் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்தது, சத்தம் போகவில்லை. இதை யாரும் முன்பே யோசிக்கவில்லை.

இப்போது மூன்றாவது வருஷம். மாடிப்படியின் முதல் படி மேல் ஏறப் பார்க்கும் வல்லாரையை வாரம் ஒருமுறை கத்தரிக்கோலால் நறுக்கிவிடுகிறார். நறுக்கியதைக் கேட்டு ஐந்து வீட்டுக்காரர்கள் கிண்ணத்தோடு வருகிறார்கள். கணவர் மட்டும், ஞாபக சக்திக்கு நல்லதாமே என்று யாராவது கொடுத்தால், அது யாருக்குமே வேண்டாம் என்கிறார்; குச்சி நட்ட கதையை எல்லோரும் மறக்கட்டும் என்றுதான் அவர் காத்திருக்கிறார்.