டயர் டீசல் குடிக்குமா?

போன வாரம் ஒரு வாசகர் போன் செய்தார். கடையநல்லூர்க்காரர். பதினைந்து வருஷப் பழைய டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறாராம்.

"சார், உங்ககிட்டயும் அதே மாதிரி வண்டிதான? மைலேஜ் கூடணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சிரித்தார். "முதல்ல டிரைவர மாத்தணும், என்ன? நீங்க எழுதுனதப் படிச்சிட்டு வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லைன் சரியில்லை என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அவர் சொன்னது இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் வந்த பத்தியை. தவற விட்டவர்களுக்காகச் சொல்கிறேன் — தவற விட்டவர்கள் புண்ணியம் செய்தவர்கள். என் வண்டியின் மைலேஜ் குறைந்துவிட்டது என்றும், டிரைவரைக் கேட்டால் டயரைக் கை காட்டுகிறார் என்றும் எழுதியிருந்தேன். 'டயர் டீசல் குடிக்கும் என்று என் டிரைவர் ஒரு புது விஞ்ஞானம் கண்டுபிடித்திருக்கிறார். டயருக்கு வாய் எங்கே இருக்கிறது என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்...' என்று முடித்திருந்தேன். நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

இந்த வாரம் அந்தக் கதையின் மீதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுதிப் பிழைக்க முடியாது என்பது எனக்கு இருபத்தைந்து வயதிலேயே தெரிந்துவிட்டது. அதனால் டவுணில், ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, தேக்சா, நாற்காலி, சாப்பாட்டு மேஜை. கல்யாண வீடுகளுக்கு இதையெல்லாம் கொண்டுபோகத்தான் அந்த பிக்கப். டிரைவர் பதினான்கு வருஷமாக ஒருவரேதான். ஒரு கரண்டி குறைந்தாலும் சமையல்காரரோடு மல்லுக்கட்டி வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். அந்த மனிதரைத்தான் நான் திருடன் என்றேன்.

போன மழையில் கருங்குளம் பக்கம் ஒரு கல்யாண வீட்டு வாசலில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது, பரிமாறுகிற பாத்திரமெல்லாம் வண்டிக்குள்ளே. மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். எனக்கு மானம் போனது. வண்டி கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? மறுவாரமே பழைய வண்டி உடைக்கிற இடத்துக்கு நானே போய், பெரிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய நான்கு டயர்களைப் பிடித்தேன். அகலமும் கூட, உயரமும் கூட. அங்கேயே மாட்டிக்கொண்டு வந்தேன். வண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற மாதிரி இருந்தது.

டிரைவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கம்பெனி சைஸே போட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றார், பைய.

"பாக்கதுக்கு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லும்வே."

"பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த மாதமே மைலேஜ் விழுந்தது. எங்கள் கணக்கு எளிது. ஒரே பங்க், டேங்க் கழுத்து வரைக்கும் டீசல். அடுத்த முறை நிரப்பும்போது மீட்டரைப் பார்த்து வகுத்துக்கொள்வோம். பதின்மூன்று கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பதினொன்றுதான் கொடுத்தது. மறுமாதமும் பதினொன்று.

ஒரு பழைய வண்டியில் கெட்டுப்போக எத்தனை சாமான் இருக்கிறது! இன்ஜெக்டர், பம்ப், கிளட்ச், பிரேக், ஃபில்டர்... நான் ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக டிரைவர் சீட்டைப் பார்த்தேன். சம்பளம் கொடுக்கிறவனுக்கு இது ஒரு வசதி. சந்தேகப்பட ஆதாரம் எதுவும் வேண்டாம்.

"டயரு மாத்துனதுல இருந்துதான் அண்ணாச்சி இப்படி. ஏர் ஃபில்டரும் அடைச்சிருக்கு, புகை கருப்பா வருது" என்றார் அவர்.

"டயரு டீசல் குடிக்குமாவே?" என்று கேட்டேன். கடையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பத்திக்கு உதவும் என்று அப்போதே மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கினேன். சாவி என் சட்டைப் பையில். பூட்டை மாட்டும்போது அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் சேரன்மகாதேவி தாண்டி டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. கேனில் டீசல் வாங்க பங்க் பக்கத்திலேயே இருக்கிறது. ஊற்றத்தான் வழியில்லை, சாவி டவுணில் என் பையில் இருக்கிறது! நான் பஸ் ஏறிப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. டீசல் வண்டி எண்ணெய் தீர்ந்து நின்றால் பைப்பில் காற்று புகுந்துவிடும். ஊற்றினால் மட்டும் ஓடாது. அவர் வெயிலில் பானெட்டைத் திறந்து, கையால் பம்ப் அடித்து அடித்துக் காற்றை வெளியேற்றினார். நான் புளியமர நிழலில் நின்று சாவியைப் பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பூட்டு போட்ட மாதமும் மைலேஜ் பதினொன்றுதான்.

மூளை உள்ளவன் என்ன நினைத்திருப்பான்? பூட்டியும் குறைகிறதே, அப்படியென்றால் இந்த ஆள் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கள்ளச்சாவி போட்டுவிட்டார் என்று! ஒருவரைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டால், அவர் திருடாததும் திருட்டுக்குச் சாட்சியாகிவிடுகிறது.

அந்தக் கோபத்தில்தான் பத்தியை எழுதினேன். பெயர் போடவில்லை. பெயர் போடாததைப் பெரிய பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பாராட்டு குவிந்தது. 'நெத்தியடி' என்றார் ஒருவர். டிரைவர்கள் டியூப் போட்டு எப்படி டீசல் உறிஞ்சுவார்கள் என்று இன்னொருவர் இரண்டு பக்கம் விளக்கியிருந்தார். வேன் ஸ்டாண்டு டீக்கடையில் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கல்யாண வீட்டில் சமையல்காரர்கள், "என்னவே, உம்ம டயருக்குத் தாகம் எடுக்கலியா?" என்று கேட்டிருக்கிறார்கள். பதினான்கு வருஷமாக எனக்கு ஒரே டிரைவர். பெயர் எதற்கு?

மூன்றாம் நாள் வந்தார். வண்டிச் சாவியை மேஜை மேல் வைத்தார். "வாறேன் அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதான் ஓடுகிறார் என்று கடையில் சொன்னேன். ஆமாம், இதையும் சொன்னேன்.

வேறு டிரைவர் கிடைக்கவில்லை. போன மாதம் காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பிரியாணி தேக்சாக்களை நானே ஓட்டிக்கொண்டு போனேன். எனக்கு வேகம் வராது. திருச்செந்தூர் ரோட்டில் ஓரமாக, ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு கல் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது மீட்டரைப் பார்த்துவைத்தேன். எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியவேண்டாமா? வயதானவன் ஓட்டினால் அந்தக் கவலைதான்.

இருபது கல் தாண்டி மறுபடி நிறுத்தினேன். மீட்டரில் பதினெட்டரைதான் கூடியிருந்தது.

ஒன்றரை கிலோமீட்டர் எங்கே போனது? கல்லை யாரும் பிடுங்கி நட்டிருக்க மாட்டார்கள். மீட்டரில் ஏதோ கோளாறு என்று, திரும்பி வரும் வழியில் பாளையங்கோட்டை டயர் கடையில் நிறுத்தினேன். என் டிரைவர் வாரா வாரம் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்த கடை அது. கடைக்காரர் டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"மீட்டரு சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. அது சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னுதான் எண்ணும். பெரிய சக்கரம் ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போவும். மீட்டருக்கு அது தெரியுமா? பழைய சைஸ்னு நெனச்சிக் கொறச்சிக் காட்டும். பத்தாததுக்கு இது வெயிட்டு வேற, எஞ்சினு திணறும். எந்தக் கிறுக்கன் மாட்டுனான் இத?"

"நான்தான்" என்றேன்.

அவர் முன்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்து, யார் வண்டி என்று புரிந்துகொண்டார். அப்புறம் சொன்னார்: "உங்க டிரைவரு காத்துப் பிடிக்க வரும்போதெல்லாம் இதத்தான் சொல்லுவாரு. நீங்களே மாத்திருங்களேன்னேன். 'அண்ணாச்சி ஆசப்பட்டு மாட்டிட்டாவ. ஒரு தடவ சொன்னேன், சிரிச்சிட்டாவ. திரும்ப எப்படிச் சொல்ல'ன்னாரு."

டவுணிலிருந்து அம்பாசமுத்திரம் எவ்வளவு தூரம் என்று எனக்குப் பல வருஷமாகத் தெரியும். டயர் மாற்றியதிலிருந்து மீட்டரில் அது குறைவாகத்தான் வந்திருக்கிறது. ஊர் நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டதா என்ன? அதைக் கவனிக்கத் தெரியவில்லை. ஆளை மட்டும் கவனித்தேன்.

அங்கேயே கம்பெனி சைஸ் டயர் மாட்டினேன். மறுநாள் ஏர் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மாற்றினேன். இந்த மாதம் மைலேஜ் பதின்மூன்று. வகுத்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கசக்கிப் போட்டேன்.

கடையநல்லூர் வாசகரே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கம்பெனி சொன்ன டயர் சைஸ் போடுங்கள். காலையில், டயர் சூடாவதற்கு முன்னால் காற்றுப் பாருங்கள். ஃபில்டரை அடைய விடாதீர்கள். சரக்கு இறக்கும்போது எஞ்சினை ஓடவிடாதீர்கள். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். இதில் ஒன்றுகூட என் சொந்தச் சரக்கு இல்லை. எல்லாம் பதினான்கு வருஷத்தில் அவர் அவ்வப்போது சொன்னது. நான் 'ம்' கொட்டிக்கொண்டே வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது கங்கைகொண்டானில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனார்.

"டயருதான்வே..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணாச்சி. டயர் கடையில சொன்னாவ."

"என்னய மன்னிச்சிரும்."

"சரி, விடுங்க."

"வண்டிக்குத் திரும்ப வாரும். பூட்ட ஒடச்சுப் போட்டுட்டேன்."

"பூட்டு போட்டதுக்கா நான் போனேன்? உங்க வண்டி, நீங்க பூட்டுதிய. அதப் பொறுத்துக்கிட்டேன்." நாற்காலியைத் துடைத்த துண்டை மடித்துத் தோளில் போட்டார். "கோயில்ல ஞாயிறு ஆராதனையில பன்னெண்டு வருஷமா காணிக்கைப் பை எடுத்துக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி. நீங்க எழுதுனது வந்த ஞாயித்துக்கிழமை பைய எடுத்துக்கிட்டு வரிசை வரிசையாப் போறேன். ஒரு பெஞ்சுல ரெண்டு பேரு என்னயப் பாத்துட்டு, ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிக்காவ. பைய கொண்டுபோய் வச்சிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் தொடல."

நான் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை தேட விருப்பமில்லை.

"யாரும் பைய எடுக்கக்கூடாதுன்னு சொல்லலயே?" என்றேன். எப்படிப்பட்ட கேள்வி பாருங்கள்!

"சொல்லணுமா?"

"நான் எழுதுதேன்வே. தப்பு என்னுதுன்னு அதே எடத்துல எழுதுதேன்."

அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். "என்னன்னு எழுதுவிய? 'என் டிரைவர் நல்லவர்'னா? அன்னைக்குப் பேரு போடாம எழுதுனிய, ஊருக்கே தெரிஞ்சிட்டு. இன்னைக்குப் பேரு போட்டு எழுதினாலும், அதப் படிச்ச ஆளுவ எல்லாரும் இதப் படிப்பாவளா?"

சிரிக்க வைத்த பத்தியை வெட்டி ஒட்டிய டீக்கடைக்காரர், இதை ஒட்டுவாரா?

"வேலைக்கு மட்டுமாவது வாரும்" என்றேன் மறுபடியும்.

"வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்கு என்னிக்காவது மைலேஜ் கொறயும். பழைய வண்டி, கொறயத்தான் செய்யும். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டிய. ஆனா நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பேன். அது எனக்கு முடியாது."

எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தார். செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "பேரு போட்டே எழுதச் சொல்லுங்க. முழுப் பேரும் போடச் சொல்லுங்க."

அவர் மறுக்கவில்லை.

அன்றைக்குச் சிரித்தவர்கள் தயவுசெய்து இதையும் கடைசிவரை படியுங்கள். என்னிடம் பதினான்கு வருஷம் வண்டி ஓட்டியவர், பாளையங்கோட்டை தா. ஞானசிகாமணி. அவர் ஒரு சொட்டு டீசல் எடுத்ததில்லை.

டயர்தான் குடித்தது.