கவுண்டரில் சொன்ன வயிற்று வலி

மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் கவுண்டர் அக்காவைத் தாண்ட வேண்டும். "என்ன சாக்கிட் தம்பி, எங்க வலி?" என்று அவர் கேட்டால் எதிர்க்கடையில் தேநீர் ஆற்றுபவருக்கும் கேட்கும். அன்று உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக்காரர்கள். அத்தனை காதுகளுக்கு நடுவே நான் என்ன சொல்வது? வயிற்று வலி என்றேன்.

உண்மை வேறு. லோரி ஓட்டிக்கொண்டு லூமுட் போனவன், முந்தைய நாள் அங்கே ஒரு பெண்ணோடு இருந்தேன். ஆணுறை கிழிந்துவிட்டது. அவளே பதறிப்போய், தனக்கு எச்.ஐ.வி. இருக்குமோ என்ற சந்தேகம் உண்டு, இன்னும் பரிசோதிக்கவில்லை என்று சொன்னாள். மறைக்காமல் சொன்னாளே என்று இன்றும் அவள்மேல் எனக்கு மரியாதை. ஆனால் ஊர் திரும்பியதும் லோரியை நிறுத்திவிட்டு நேராகக் கிளினிக்குக்கு வந்துவிட்டேன்.

டாக்டர் என்னைச் சின்ன வயதிலிருந்தே பார்ப்பவர். படுக்கவைத்து வயிற்றை நன்றாக அமுக்கினார். "இங்க வலிக்குதா? இங்க?" வலிக்காத வயிற்றை எவ்வளவு நேரம்தான் காட்டிக்கொண்டிருப்பது? கூரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "உடனே ஆரம்பிச்சா தடுக்கிற மாத்திரை இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன் தம்பி. ஆனா நான் இதுவரைக்கும் யாருக்கும் கொடுத்ததில்ல. விவரம் சரியாத் தெரியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருமலுக்கும் சர்க்கரைக்கும் ஊரே நம்பி வரும் மனிதருக்கு இது தெரியாதா? இத்தனை வருடத்தில் ஒருவர்கூடவா கேட்கவில்லை? பிறகுதான் உறைத்தது. அந்தக் கவுண்டரைத் தாண்டி வந்து யார் கேட்டிருப்பார்கள்? எல்லோரும் என்னைப்போல வயிற்று வலிக்காரர்கள்தான்.

அவர் என் எதிரிலேயே, ஈப்போவில் டாக்டராக இருக்கும் தன்னோடு படித்த தோழிக்குப் போன் போட்டார். வெட்கப்படாமல் கேட்டதையே திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று நாளுக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்கினால் நான்கு வாரம் விடக்கூடாது. "இப்பவே கிளம்பு லா. நேரா ஈப்போ ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போ. அங்க சொல்லி வைக்கிறேன்" என்றார்.

என்னோடு அவரும் வெளியே வந்தார். கவுண்டரில் நின்று, "வயித்து வலி கொஞ்சம் கூடவா இருக்கு. ஈப்போவுல ஸ்கேன் பண்ணணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஒரு நாளும் விடாமல் மாத்திரை போட்டேன். குமட்டிக்கொண்டே லோரி ஓட்டினேன். சில மாதம் கழித்து எடுத்த கடைசி ரத்தப் பரிசோதனையின் முடிவை அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். "ஒண்ணும் இல்ல தம்பி, ஒண்ணுமே இல்ல" என்றார். அந்தத் தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். இத்தனை நாளும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

வெளியே வந்தேன். அக்கா வழக்கம்போல ஊருக்கே கேட்கும்படி கேட்டார்: "வயித்து வலி சரியாப்போச்சா தம்பி?"

"சரியாப்போச்சுக்கா" என்றேன். அதற்குமேல் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

"ஐயோ, இன்னும் வலிக்குதா?" என்று அக்கா பதறி எழுந்தார்.