சுகந்தி அக்கா கரைத்த ரோஸ் தண்ணீர்

சுகந்தி அக்கா போய்விட்டார் என்று மகள் போனில் சொன்னபோது நான் உப்புத் தண்ணீர் ஏரியிலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்தேன். நம் சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவர். கையால் இறால் தடவிப் பிடிக்கும் நம் பெண்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யார்?

மகளுக்குக் கல்யாணம் பேசிய சமயம், எனக்கு இரண்டு கையிலும் கரப்பான் புண். உப்பில் வெடித்து, இறால் கொம்பு குத்தி, சீழ் பிடித்துவிட்டது. மகளுக்கு நிச்சயதார்த்தம் நெருங்கியது. நீர் வடிகிற கையோடு எப்படித் தட்டு மாற்றுவது? எனக்குப் பதில் தங்கையை நிற்கச் சொல்லலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

டாக்டர் ஸ்டீராய்டு களிம்பும், கை ஊறவைக்கப் பெர்மாங்கனேட்டும் எழுதினார். நமக்குக் குடிதண்ணீர் லாரியில் வருகிறது. அதில் இந்தக் கையை முக்க எனக்குக் கூசியது. ஏரித் தண்ணீரிலேயே கரைத்தேன். உப்பு ஏறாது என்று, ஏரியில் இறங்கும் முன் களிம்பை அப்பிக்கொண்டேன். கை இன்னும் வீங்கியது.

அக்கா வீட்டுக்கு வந்து, நான் கை ஊறவைத்த பேசினை முகர்ந்தார். "இன்னா இது, ஏரித் தண்ணியா? நல்ல தண்ணில முக்க உன் கை லாயக்கில்லையா?" தெருவே கேட்டது. எனக்குத் தலை நிமிரவில்லை. அவரே குடத்துத் தண்ணீரை ஊற்றி, வெளிர் ரோஸாகக் கரைத்தார். ஊறிய கையை ஒற்றித் துடைத்து, களிம்பை மெல்லிசாகத் தடவினார். "ஆறுற வரைக்கும் ஏரிப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்."

கை ஆறியது, மருந்துத் தண்ணீரின் கறையில் நகமெல்லாம் பழுப்பேறியது. அதற்கும் அழுதேன். "நகம் கறையானா வெக்கம், சீழ் வெச்சா பெருமையா?" என்றார்.

நிச்சயத்தன்று நானே தட்டை நீட்டினேன். சம்பந்தியம்மா என் நகத்தையே பார்த்தார். அவரும் இறால் தடவுகிறவர்தான்.

"இன்னா இது?"

"மருதாணி" என்றேன்.

"மருதாணியாம்! கரப்பான்ல சீழ் புடிச்சிருந்துச்சு. மருந்துத் தண்ணில ஊற வெச்சோம், ஆறிடுச்சு" என்று பின்னாலிருந்து அக்கா போட்டுடைத்தார்.

கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். சம்பந்தியம்மா தட்டை வாங்கவில்லை. முந்தானைக்குள் இருந்த கைகளை மெதுவாக வெளியே எடுத்தார். என் கையைவிட மோசம். "எனக்கும் அதக் குடு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை வாங்கினார்.

அக்காவை அடக்கம் செய்தபோது எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். மழைக்குப் பிறகு எனக்குக் கரப்பான் திரும்ப வந்திருக்கிறது. அவர் கல்லறையிலேயே கையை மறைத்துக்கொண்டு நின்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. சம்பந்தியம்மா என் முழங்கையை இடித்தார். "எடு வெளிய. அவங்களுக்குத் தெரியாத கையா?"

மண் போட்டேன். அக்காவின் திட்டு என்னிடம் இருக்கிறது. இனி அதைச் சம்பந்தியம்மா வாயால் கேட்டுக்கொள்வேன்.