ஆற்றங்கரை வழியும் மாமியாரின் சாப்பாடும்

ஆறு ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டது தவறா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கணவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியதும், செஞ்சியிலிருந்து தொண்டூருக்குப் போய்வரத் திட்டமிட்டோம். தார் ரோடு வேண்டாம், ஆற்றங்கரையோர வண்டிப்பாதையில் போகலாம் என்று கேட்டவள் நான்தான். மழைக்குப் பிறகு ஆறு நிறைந்து ஓடியது. ஆனால் அந்தச் சேற்றுப் பாதையில் திரும்பி வர நேரமாகும். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. மாமியாரோ, மகன் சாப்பிடாமல் தட்டைத் தொடமாட்டார். நாங்கள் தாமதித்தால் அவருக்கு அன்று பட்டினிதான்.

“இருட்டறதுக்குள்ள வந்துடுவோம்மா,” என்றார் கணவர்.

“நீ வந்துடுவடா, உன் வண்டி வரணுமே!” என்று சிரித்த மாமியார், என் கையிலிருந்த குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “கரை மேலயே போங்கம்மா. ஒரு வேளை சாப்புடலன்னா எனக்கு இன்னா ஆயிடப்போவுது?”

அவர் அப்படிச் சொன்னதிலிருந்து மனம் உறுத்துகிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறேன். கணவர் வண்டியைத் துடைத்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், அதுவும் உறுத்துகிறது. தை பிறந்தால் ஆற்றில் இவ்வளவு தண்ணீர் இருக்காது. மகன் வருமுன்பே ஒரு தாயைச் சாப்பிட வைக்கும் வழி தெரிந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.