சனிக்கிழமை ஒடசல்

கூழ்ச் சட்டி என் காதோரமாகப் போய்ச் சுவரில் அடித்து உடைந்தது. சூடு ஆறாத கேழ்வரகுக் கூழ் என் கழுத்திலும் முதுகிலும் வழிந்தது. என் கணவர் எழுந்து நின்று கத்தினார்.

"இது இன்னா, போஸ்டர் ஒட்ற பசையா? மனுசன் துன்றதா இது? அந்தப் பைய எங்கடி வெச்ச?"

யாரிடமும் எனக்குச் சட்டென்று பேச்சு வராது. பை கூரைக்கும் சுவருக்கும் நடுவில், பழைய துணி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. அவர் வீட்டையே புரட்டிப் போட்டு அதை எடுத்தார். தரையில் உட்கார்ந்து கைப்பிடி கைப்பிடியாக அள்ளித் தின்றார். தின்றுகொண்டே என்னை முறைத்தார். அவருடைய கால் இரண்டும் வீங்கி, விரல் வைத்து அழுத்தினால் குழி விழும் நிலையில் இருந்தன. மூலையில் அம்மிக் குழவி கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கு என் மனதில் ஓடியதை எழுதினால் படிக்கிறவர்கள் பயப்படுவார்கள்.

அந்தப் பையில் இருந்தது ஒடசல். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. எங்கள் மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கவரைப்பேட்டையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவர் கும்மிடிப்பூண்டியில் பாக்கெட் தீனி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்தார். மக்காச்சோள மாவு மிஷினுக்குள் போய்க் குச்சி குச்சியாகப் பொரிந்து வரும். ஒரு பெரிய டிரம்மில் அது உருள, எண்ணெயும் மசாலாத் தூளும் மேலே விழும். அந்த டிரம்மைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. உடைந்ததும் கோணலானதும் பாக்கெட்டுக்குப் போகாது; அதுதான் ஒடசல். சனிக்கிழமை ஷிப்ட் முடிகிறபோது அதைப் பெரிய பிளாஸ்டிக் கவரில் கட்டி வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். டிரம்காரருக்கு முதல் பை. டிரம்மின் அடியில் படிந்த மசாலாவும் அதிலேயே சேரும்.

எங்கள் தெருவே அதைத் தின்றது. ரசம் சோற்றுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. டீக்கும் அதுதான். பை தீருகிறவரை நான் காய் வாங்கமாட்டேன்.

ஒருநாள் அவர் டிரம் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். பிரஷர் ரொம்ப அதிகம், சிறுநீரிலும் கோளாறு, இப்படியே விட்டால் கிட்னி போய்விடும் என்றார் டாக்டர் அம்மா. மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். பாக்கெட்டில் வருகிற தீனி எதையும் தொடக்கூடாது, கேழ்வரகு, கம்பு, காய், பழம் என்று வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள் என்றார்.

அவர் பயந்துதான் போனார். கடையில் பிஸ்கட், மிக்சர் வாங்குவதை நிறுத்தினார். காலையில் கூழ் குடித்தார். ஆனால் அந்தக் கூழின் மேல் ஒடசலை நொறுக்கிப் போட்டு, பையின் அடியில் இருந்த மசாலாத் தூளையும் கொட்டிக் கலக்கினார். நான் தயங்கியபோது விளக்கம் சொன்னார்.

"பாக்கெட்ல அடச்சு, லாரில ஏத்தி, மாசக்கணக்கா கடையில தொங்கவுட்டாத்தான்டி கெடுதி. நம்மள்து டிரம்முல இருந்து அப்டியே சூடா வர்து. சட்டியில இருந்து எடுத்த வட மாரி."

பக்கத்து வீட்டுப் பெண் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். அவளும் தலையாட்டினாள். "அண்ணன் சொல்றது கரெக்ட்டுக்கா. நாங்க சீல் போட்றதுக்கு முன்னாடி ஃப்ரெஷ்ஷாத்தான் கீது." கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் அதே நம்பிக்கை. நானும் நம்பினேன்.

அடுத்த தடவை போனபோது பிரஷர் முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டர் அம்மாவுக்குக் கோபம்.

"மாத்திரை போடறீங்களா இல்லியா? என்னதான் சாப்பிடறீங்க?"

"கூழுதாம்மா. பாக்கெட்ட தொட்றதே இல்ல" என்றார் இவர்.

அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நான் எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். "கூழுல ஒடசல் போட்டுக்கிறாருங்க. கம்பெனியில குடுக்கறது. பாக்கெட்ல போட்றதுக்கு முன்னாடி எடுத்தது. அது ஒண்ணும் பண்ணாதுங்களே?"

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பாக்கெட்டுக்கு முன்னாடி எடுத்தா அதுல இருக்கிற உப்பு எங்கம்மா போகும்? எண்ணெய் எங்க போகும்? உறையில என்ன இருக்கு? உள்ள இருக்கிறதுதான் இவரைக் கொல்லுது."

பஸ் ஸ்டாப்பில் அவ்வளவு பேர் நடுவில் இவர் என் கன்னத்தில் அறைந்தார். "டாக்டரம்மா முன்னாடி மானத்த வாங்கறியா?" காது அடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில்தான் வெறும் கூழும் சின்ன வெங்காயமும் வைத்தேன். சட்டி பறந்தது.

அதற்குப் பிறகு தினமும் அடிதான். அவர் தேடுவார், நான் ஒளிப்பேன். ஒரு பையை அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். எண்ணெய்த் தீனி, தீப்பந்தம் மாதிரி எரிந்தது. அதற்கு விறகுக் கட்டையால் வாங்கினேன். எரித்தாலும் சனிக்கிழமை வந்தால் புதுப் பை வரும். வீட்டில் சண்டை போட்டுப் பயனில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாக, முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். ஷிப்ட் விட்டது. அவர் தோளில் பையோடு, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். ஓடிப்போய்ப் பையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏய்! உட்றி!"

"உட மாட்டேன்."

கவர் கிழிந்தது. மஞ்சள் குச்சிகள் ரோடெல்லாம் கொட்டின. இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று அதன்மேல் ஏறிப் போனது. அது நொறுங்கிய சத்தத்தைக் கேட்டதும் அவருக்குப் பேய் பிடித்த மாதிரி ஆனது. முடியைப் பிடித்துக் கீழே தள்ளினார். செருப்பைக் கழற்றி முகத்திலேயே அடித்தார். என் வாயில் ரத்தம் வந்தது. யாரோ சிரித்தார்கள்.

"மாமே, ஒடசலுக்கா பொண்டாட்டிய அடிக்கிற? இந்தா, என் பைய வெச்சுக்கோ!"

பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் "ண்ணா, உடுண்ணா! செத்துடப் போவுது" என்று அலறினாள். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பல் உள்ளே இறங்கியது. அவர் கையை உதறியபோது எழுந்து நின்றேன். என் வாயில் இருந்தது அவர் ரத்தமா என் ரத்தமா தெரியவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை.

"இந்தாளுக்குக் கிட்னி போவுது! டாக்டரு சொல்லிட்டாங்க. இன்னொருவாட்டி யாராவது இவருக்கு ஒடசல் குடுத்தா அவங்க ஊட்டு வாசல்ல வந்து நிப்பேன்!"

மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற சூப்பர்வைசர் கேட்டுக்கு வந்தார். பைகளைப் பிரித்துக் கொடுக்கிறவர் அவர்தான். "இன்னா நைனா, கேட்டாண்ட இன்னா பேஜாரு?" என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். இவருடைய வீங்கிய காலைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை இவருக்குப் பை கொடுக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் தம் பங்கிலிருந்து கொடுக்கவும் பயந்தார்கள். வெறுங்கையோடு வந்து என் மேல் பாய்ந்தார். மூலையில் வைத்து அடித்தார். பிறகு பசித்தது. சட்டியில் கீரையும், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும், கம்பஞ்சோறும்தான் இருந்தன. "நாய் கூடத் துன்னாது" என்றார். தின்றார். அடுத்த நாளும் அதையே சொல்லித் தின்றார். கொஞ்ச நாள் வாய்க்கு வந்தபடி வைதார். அப்புறம் வைவது குறைந்து, வெங்காயம் இன்னொன்று கேட்டார்.

மழைக்காலம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கால் வீக்கம் வடிந்திருந்தது. பிரஷர் இறங்கியிருக்கிறது, கிட்னி இதற்கு மேல் கெடவில்லை, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர் அம்மா.

அடி நின்றுவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். குறைந்தது, அவ்வளவுதான். அதற்கும் அந்தக் கூழுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வருகையில் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தள்ளுவண்டியில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது. இவர் போய் நின்றார்.

"அது உப்புத் தண்ணியில வேக வெச்சது. வேணாம்" என்றேன்.

அவர் கை எழுந்தது. என் தோள் தானாகச் சுருங்கியது. ஆனால் நான் நகரவில்லை. கண்ணையும் மூடவில்லை. கை பாதியில் நின்றது. அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டு கடலைக்காரர் பக்கம் திரும்பினார்.

"நைனா, வேக வெக்காத பச்சக் கல்ல கீதா?"